மீனுவைக் கூப்பிட்டது

மலையாள நாட்டில், ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் வீடு. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, எங்களோடிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். ஆபீஸ் வேலையை வீட்டிலேயே செய்யலாம் என்று தன் மனைவியிடம், என் அத்தையிடம், சொல்லியிருந்தார். சாயங்காலமானால் அதில் நானும் மாமாவும் ஒரு விளையாட்டு விளையாடினோம்.

மூடுபனி மலைகளும், ஒன்பது வால் நரிகளும், தாமரைமேல் உட்கார்ந்த முனிவர்களும் கொண்ட மாய உலகம் அது. "எல்லாம் நம்ம சாமிகதான் மக்களே. சீனா பக்கம் போயி வேஷம் மாத்திருக்கு" என்பார் மாமா. மாமா எது சொன்னாலும் நம்புவேன். எங்கள் ஆள் ஒரு சின்னத் துறவிப் பெண். கூட்டாளி யாராவது செத்துப்போனால் அவள் மணிக்கூண்டுக்குப் போய் ஊதுவத்தி ஏற்றுவாள். விரல்களை மடக்கி முத்திரை காட்டி, போனவரின் பெயரை மனதுக்குள் சொல்லுவாள். புகைக்குள்ளிருந்து அவர் சிரித்துக்கொண்டே நடந்து வருவார்.

அந்த மழைக்காலத்தில் அத்தை சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். போகும்போது இருந்த வயிறு வரும்போது இல்லை. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "குழந்த தங்கல" என்று அம்மா போனில் யாரிடமோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. தங்கவில்லை என்றால் எங்கோ போயிருக்கிறது. போனவர்களை வரவழைக்கத்தான் எனக்குத் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கூடம் நிறைந்திருந்தது. எல்லோரும் பார்க்கச் செய்தால் மெச்சுவார்கள் என்று நினைத்தேன். அந்தத் துறவிப் பெண்ணைப் போல வெள்ளைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டு, பூஜை அலமாரியிலிருந்து ஊதுவத்தி எடுத்துக் கொளுத்தி, அத்தைக்கு முன்னால் போய் நின்றேன். பெயர் வேண்டுமே! பெண் பாப்பாதான் என்று முடிவு செய்து, மீனு என்று நானே வைத்தேன். கண்ணை மூடி மனதுக்குள் கூப்பிட்டேன். பிறகு சத்தமாக, "அத்தே, பாப்பா இப்ப வந்துரும், கேட்டோ" என்றேன்.

அம்மா பாய்ந்து வந்து ஊதுவத்தியைப் பிடுங்கினாள். "ஏட்டி, புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?" முதுகில் ஓர் அடி விழுந்தது. பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி, "கொச்சல்லே, போட்டே", சின்னப் பிள்ளைதானே, விடுங்கள் என்று எனக்காகப் பரிந்து பேசியது அதைவிட வலித்தது. மாமாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன தப்பு என்று விளங்கவில்லை. ஏதோ பெரிய தப்பு என்பது மட்டும் எல்லா முகங்களிலும் இருந்தது. காது மடல் எரிய, உள்ளறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். தோளில் கிடந்த துண்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு அத்தை அங்கே வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"என்ன பேரு சொல்லிக் கூப்பிட்ட?"

குரல் மிக மெல்லியதாக இருந்தது. பெயரைச் சொன்னால் இன்னொரு அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

"பேரொண்ணும் சொல்லல அத்தே. சும்மா வெளையாட்டு."

"சும்மாவா?"

"ம்."

அத்தை என் தோளிலிருந்த துண்டை எடுத்து, சின்னதாக மடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்து போனாள். தப்பித்தோம் என்று எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.