ஆணியில் தொங்கும் வயர்கள்

வயர்காரர் நான்காம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் எந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், பானெட்டுக்குள் கையை விட்டால் போதும், எந்த வயர் எங்கே போகிறது என்று விரலே சொல்லிவிடும். படித்தவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிவைத்துக்கொண்டு முழித்த வண்டிகளை, டீ ஆறுவதற்குள் கிளப்பிக் கொடுத்திருக்கிறார். யாரிடமும் கைகட்டி நின்று கற்ற தொழில் இல்லை. ஷாக் அடித்து அடித்துக் கற்றது.

புது வண்டிகளில் சாவியைத் திருகினாலே முன்னால் தானாக எரியும் பகல் விளக்கு மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. எதிரே வருகிறவனெல்லாம் லைட் எரிகிறது என்று விரலை மடக்கி மடக்கிக் காட்டுகிறான் என அலுத்துக்கொண்டு வண்டிக்காரர்கள் வருவார்கள். ஒரே வெட்டு. வெட்டிய துண்டைப் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவார். கொத்தாகத் தொங்கும் அதைக் காட்டி, "கம்பெனிக்காரன் பண்ணின தப்பு. நான் திருத்தினது," என்பார்.

அன்று காலை மகளின் சாம்பல் நிறக் காருக்கும் அதே வெட்டுத்தான்.

மதியம் கல்குவாரி லாரி டிரைவர் பட்டறைக்கு வந்தார். வந்ததும் தண்ணீர் கேட்டு, சொம்பைக் கவிழ்த்தது போலக் குடித்தார்.

"என்னய்யா, பேயப் பாத்தவன் மாதிரி நிக்கிற?"

"பேயா இருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்ணே. குவாரி வளைவுல ஒரே தூசி. லைட் போட்டு வந்ததெல்லாம் தூரத்துலயே தெரிஞ்சுது. ஒரு கார் மட்டும் மூஞ்சிக்கு நேரா வந்தப்புறம்தான் தெரியுது. ஒரு முழத்துல தப்பிச்சுது. சாம்பல் கலரு. ஒரு பொண்ணுதான் ஓட்டுச்சு."

வயர்காரர் போனை எடுத்தார். மூன்றாவது தடவைதான் மகள் எடுத்தாள்.

"ஒரு லாரி இடிக்கப் பாத்துச்சுப்பா. ஓட்ட முடியல. வளைவுலயே ஓரமா நிறுத்திட்டேன்."

"லைட்டப் போடும்மா."

"பட்டப்பகல்லயா? பேட்டரிக்குக் கேடுன்னு சின்ன வயசுலேருந்து நீங்கதானே சொல்வீங்க?"

தன்னைப் பற்றி அந்த வாயில் ஒருநாளும் வராத சொல் வந்தது. "நான் சொன்னது தப்பும்மா. போடு. போட்டுட்டு இறங்கித் தள்ளிப் போ."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு ஹாரன். அது விடாமல் அலறிக்கொண்டே நெருங்கியது. கண்ணாடி நொறுங்கியது. அப்புறம் போனில் காற்று மட்டும் இரைந்தது.

"ம்மா."

போனைக் காதோடு அழுத்தினார்.

"ம்மா."

"அப்பா... சைடு கண்ணாடி போச்சு. லைட்டப் பாத்துதான் வந்தவன் ஸ்டியரிங்க ஒடிச்சான்போல. நான் வெளியிலதான் நிக்கிறேன்."

வயர்காரர் அப்படியே பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லல்ல?" என்று டிரைவர் கேட்டார். ஒண்ணுமில்லை என்று வயர்காரர் தலையாட்டினார். கண் ஆணியை விட்டு நகரவில்லை.

எழுந்து போய் அந்தக் கொத்தைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு துண்டாகத் தடவினார். எது யாருடைய காரில் வெட்டியது என்று விரல் சொல்லவில்லை. வெளியே குவாரிப் பக்கமிருந்து தூசி எழும்பி ரோட்டை மூடிக்கொண்டிருந்தது.