காக்காவின் விலாவில் ஒரு புண்

சுனாமிக்கு அடுத்த வருடம் என் சிறுநீரகம் ஒன்றைக் காக்காவுக்குக் கொடுத்தேன். காக்கா என் அண்ணன்; தங்கச்சியான எனக்கு மூத்தவர் அவர் ஒருவர்தான். யுத்தம் முடிந்த வருடம் அவருடைய விலாவில் கொப்புளங்கள் கிளம்பி, உடைந்து, ஆறாத புண்ணாகின. கல்முனையில் பார்த்தவர்களெல்லாம் நீரிழிவு, சீனி வருத்தம் என்றார்கள். எங்கள் ஊரில் ஆறாத புண்ணுக்கு வேறு காரணமே கிடையாது. காக்காவுக்கோ சீனி வருத்தம் இல்லை.

கண்டி கிளினிக்கில் டொக்டர் விளக்க விளக்க, எனக்குக் கவலையை மீறிக்கொண்டு ஆர்வம் வந்துவிட்டது. சின்ன வயதில் வந்த கொப்புளிப்பான் என்ற சின்னம்மை உடம்பை விட்டுப் போகவே இல்லையாம். அதன் கிருமி இத்தனை காலமும் நரம்புக்குள் படுத்துக் கிடந்ததாம். என் சிறுநீரகத்தை அந்நியம் என்று உடம்பு தாக்காமலிருக்கக் காக்கா விழுங்கும் மாத்திரைகள் உடம்பின் காவலைத் தூங்க வைக்கின்றன. காவல் தூங்கினால் கிருமி எழும்பாதா? எங்கள் இருவருக்கும் கொப்புளிப்பான் ஒன்றாகத்தான் வந்தது. ஒரே பாயில் கிடந்தோம். அப்படியென்றால் என் நரம்பிலும் அது கிடக்கிறது. யுத்த காலத்தில் எங்களை இறக்கி நடக்கவிட்ட காவலரண்களை, ஊர் திரும்பும் பஸ் நிற்காமல் தாண்டியதைக்கூடக் கவனிக்காமல் என் விலாவைத் தடவிக்கொண்டே வந்தேன்.

கிருமிக்கு மருந்து தந்த டொக்டர், காவலைத் தூங்க வைக்கும் மாத்திரையில் இரண்டுக்குப் பதில் ஒன்று போதும் என்றிருந்தார். குறைத்தால் சிறுநீரகம் பழுதாகவும் கூடும். குறைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் வாரங்கள் போயும் புண் அகன்றுகொண்டே போனது. ஏன் என்று விளங்காமல் மண்டையைக் குடைந்துகொண்டேன். ஒருநாள் காலையில் புண்ணுக்கு மருந்து கட்டப் போனபோது, காக்கா இரண்டு மாத்திரைகளையும் வாயில் போடுவதைக் கண்டேன்.

“டொக்டர் ஒண்டு எண்டெல்லா சொன்ன?”

“ஓம். குறைச்சி ஒண்ட கிட்னிக்கு என்னமும் ஆகிட்டா? இது அமானிதம் புள்ள. கெடுத்துப்போட்டு அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்ற?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அமானிதம் என்றால் உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும்வரை காக்க வேண்டிய பொருள். இவ்வளவு காலமும் அதை இரவல் சட்டை மாதிரியா வைத்திருந்தார் மனிதர்?

“நான் அமானிதமாத் தரல்ல காக்கா, ஹதியாவா, அன்பளிப்பாத் தந்த. தந்தத திருப்பிக் கேக்க மாட்டன். எனக்கு நீங்கதான் வேணும்.”

மறுநாள் தொடக்கம் அவர் ஒரு மாத்திரைதான் எடுத்தார்.

அடுத்த கிளினிக்கின்போது புண் ஓரங்களில் மூடத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் உட்காருமுன்பே தங்கச்சியின் கிட்னி எப்படி என்று கேட்கிறவர் காக்கா. அன்று கேட்கவில்லை. நான்தான் டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கிட்னியில் பழுதில்லை என்றார் டொக்டர். காக்கா சட்டையைத் தூக்கிப் புண்ணைக் காட்டினார்.

“நான் சுகமாகிருவனா டொக்டர்?” என்று கேட்டார்.