அமாவாசைக்குக் கால் சுற்று

அனுமந்தன்பட்டி மொக்கம்மாளுக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. களை எடுப்பதானாலும் சண்டை போடுவதானாலும் அன்றைக்கே முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள். நல்ல குணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் மண் விழுந்ததும் அதனால்தான்.

புருஷன் காலராவில் போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரே மகள், சந்தனம்மாள். அவளுக்கு மேல்வரிசையில் நாலு பல் எடுப்பு, உதடு மூடாது. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் மோர்த்தண்ணியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். போகிற போக்கில் ஒருத்தி, "பல்லு முன்ன வருது, பொண்ணு பின்ன வருது" என்று தெருவில் நின்றே சொன்னாள். அன்று தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதார்கள்.

மொக்கம்மாள் வழக்கமாக மிளகாயை விலைக்குப் போடுவது தேனிக் கடைத்தெருவில் ஞானபாக்கியம் என்ற அம்மாளின் கடையில். அந்த அம்மாளின் மருமகன் வைகுண்டராஜ் கல்கத்தாவில் பல் வைத்தியம் படித்தவர். மதுரையிலிருந்து மாதம் ஒரு தரம் ரயிலில் வந்து கடையின் பின்கட்டில் பல் பார்ப்பார். படித்த வித்தையைக் காட்ட ஆள் கிடைக்காமல் தவித்த மனிதர், சந்தனத்தைப் பார்த்ததும் விடவில்லை. காசே வேண்டாம் என்று, பல்வரிசைக்கு முன்னால் ஒரு கம்பியை வளைத்துக் கட்டிவிட்டார். கடைவாய் ஓரம் கடுகளவு திருகு. மாதம் ஒருமுறை அதைக் கால் சுற்று முறுக்க வேண்டும். கம்பி பல்லை உள்ளே தள்ளும்.

"பல்லு ஆணி அடிச்ச மாதிரி எலும்புல இறங்கியிருக்கலம்மா," என்றார். "சுத்திலும் மெல்லிசா ஒரு சதை இருக்கு. அது முழுக்கப் பொடிப்பொடியா உயிர். பைய அழுத்துனா அது ஒரு பக்கம் எலும்பைக் கரைச்சு வழி விடும், மறுபக்கம் புது எலும்பு கட்டும். வலுவா அழுத்துனா ரத்தம் ஓடாம செத்துப்போகும். நகத்தை அமுக்குனா வெளுக்குதில்ல, அப்படித்தான்."

"சரிங்கய்யா," என்றாள் மொக்கம்மாள். நகத்தை அமுக்கிப் பார்க்கவில்லை.

ஆறு மாதத்தில் உதடு பாதி மூடியது. சந்தனம் வாயைப் பொத்தாமல் சிரிக்கப் பழகினாள். அதற்குள் யுத்தம் வந்து எல்லாவற்றையும் குலைத்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயில்பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்துப் போனார்கள். வைகுண்டராஜும் பட்டாளத்துக்கு வைத்தியராகக் கிளம்பினார். போகுமுன் திருகுச் சாவியை மொக்கம்மாள் கையில் கொடுத்தார்.

"அமாவாசைக்கு அமாவாசை கால் சுத்து. மறந்தாக்கூடப் பரவாயில்ல, கூடிறக் கூடாது."

இரண்டு அமாவாசை சொன்னபடி நடந்தது. மூன்றாவது வருவதற்குள் கெங்குவார்பட்டியிலிருந்து ஆள் வந்தது. ராக்கப்பன் என்ற பையனுக்குப் பெண் கேட்டு, தை பிறந்ததும் வருகிறார்களாம். தைக்கு நாற்பது நாள்தான் இருந்தது.

மொக்கம்மாளின் காது தோளைத் தொடும். சிறுவயதில் பஞ்சில் தொடங்கி, ஓலைச்சுருள் செருகி, ஈயக் குணுக்கைக் கூட்டிக்கூட்டி மாட்டி வளர்த்த காது. பாரம் ஏற ஏறச் சீக்கிரம் இறங்கும். அவளுக்குத் தெரிந்த நியாயம் அது. பல் மட்டும் என்ன ராஜா வீட்டு மாப்பிள்ளையா, தனி உபசாரம் கேட்க? வெள்ளிக்கு வெள்ளி முறுக்கினாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.

"ஆத்தா, வேணாத்தா. மண்டையெல்லாம் தெறிக்குது. டாக்டரு என்ன சொல்லிட்டுப் போனாக?"

"குணுக்கு மாட்டுனப்ப எனக்கு வலிக்காமயா இருந்துச்சு? கொஞ்சம் பொறு தாயி. தையோட எல்லாம் சரியாப் போகும்."

சந்தனம் வாயைத் திறந்தாள். பெற்றவளின் கையை எப்படித் தட்டிவிடுவாள்?

தையில் வந்தார்கள். முதல்நாளே மொக்கம்மாள் கம்பியை அவிழ்த்து வைத்திருந்தாள். பல் அடக்கமாக உள்ளே இருந்தது. பிடித்துப்போய், பங்குனியில் முகூர்த்தம் என்று தட்டு மாற்றினார்கள்.

மாசியில் ஈறு கறுத்துச் சீழ் வைத்தது. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கையில், சோறு தின்னும்போது முதல் பல் கையோடு வந்தது. அந்த வாரத்துக்குள் நாலும் போய்விட்டன. சீக்குப் பிடித்த பெண் வேண்டாம் என்று கெங்குவார்பட்டிக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். சந்தனம் ஆத்தாளை வையவில்லை. வைதிருந்தால் மொக்கம்மாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சித்திரையில் வைகுண்டராஜ் லீவில் வந்தார். மொக்கம்மாள் மகளைத் தேனிக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். நடந்ததைச் சொல்லி அவர் காலில் விழுவது என்றுதான் போனாள்.

வாய்க்குள் பார்த்தவருக்கு முகம் மாறியது. "எலும்பே செத்துப்போயிருக்கு. அத்தனை சொல்லியும் யாரு இப்படி முறுக்குனது?"

மொக்கம்மாள் வாயெடுத்தாள். அதற்குள் சந்தனம், "நாந்தேன்," என்றாள். "கல்யாண ஆசையில, ஆத்தாளுக்குத் தெரியாம நானே முறுக்கிட்டேன்."

அவர் ஏசினார். ஞானபாக்கியமும் சேர்ந்துகொண்டு, வெட்கங்கெட்ட ஆசை என்று சொன்னாள். அத்தனையையும் அந்தப் பெண் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். ஏசி ஓய்ந்த வைகுண்டராஜ் மொக்கம்மாள் பக்கம் திரும்பினார்.

"பாவம், நீங்க என்ன செய்வீக."

"ஆமாங்கய்யா," என்றாள் மொக்கம்மாள்.

சந்தனம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.