திரையில் ஒரு முனியாண்டி கோயில்

வெளிநாட்டுச் சரக்குக் கம்பெனி ஒன்று தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தொழில்நுட்ப மையம் திறந்து, என்னைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் பலருக்கு வேலை கொடுத்தது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பும் லோரிகள் வழியில் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று கணினித் திரையில் பார்ப்பது என் வேலை.

இரண்டாம் வாரமே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துறைமுகத்தை விட்டு வந்த லோரிகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்றிருந்தன. திரையில் அந்த இடமே சிவப்புப் புள்ளிகளாய் மொய்த்தது. வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசிய மேலாளர், அங்கே சரக்கைத் திருடி இறக்குகிறார்களா என்று கேட்டார்.

திருட்டாம்! அது சாலையோர முனியாண்டி கோயில். என் அப்பாவும் லோரி ஓட்டியவர்தான். "ஐயாவுக்குச் சூடம் காட்டாம லோரிய எடுக்கக்கூடாதுலா" என்று சொல்லி, பள்ளி விடுமுறைகளில் என்னையும் அங்கே இறக்கிக் கும்பிட வைப்பார். இந்த வேலை கிடைத்த மறுநாள் நாங்கள் தேங்காய் உடைத்ததும் அங்கேதான்.

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிள்ளான்காரி நான் ஒருத்திதான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சாமி, சூடம் என்றால் சிரிப்பார்களோ என்று ஒரு நொடி கூசினேன்.

"தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்பதே உறைத்தது.

அவர் நன்றி சொல்லிவிட்டு, அங்கே நின்ற ஓட்டுநர்களின் பெயர்களை மாலைக்குள் அனுப்பச் சொன்னார்.

அதற்கும் தலையாட்டினேன்.