ராசா என்று காதில் விழுந்த கேள்வி

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்கு வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் வேலியருகே நின்று "மாரி, மாரி" என்று கையசைத்தார். என் கணவர் பெயர் மாரியப்பன். அவரைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "அவர் வேலைக்குப் போயிட்டார்" என்றேன். என்னைத்தான் வாருங்கள் என்று மலாயில் அழைத்திருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து வந்த 1977இல் மலாய் எனக்கு இப்படித்தான் கேட்டது: தமிழ் போலவே, ஆனால் வேறு.

மறுவருடம் எங்களுக்கு ஓர் ஆண்பிள்ளை இறந்தே பிறந்தது. ஊரென்றால் அம்மாவும் சித்திகளும் சுற்றி உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இங்கே நாங்கள் இருவர்தான். முதலில் பேச்சைக் குறைத்தேன், பிறகு சாப்பாட்டை. ஈப்போவில் டாக்டர் எங்களை மனநல ஆலோசகர் புவான் ரொக்கியாவிடம் அனுப்பினார்; புவான் என்றால் மலாயில் அம்மையார். நல்ல பெண்மணி. மெல்லிய குரலில் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார். கணவர் தமிழில் சொல்லுமுன்பே அந்தக் கேள்வியில் ஒரு சொல் என் காதில் விழுந்துவிடும்: "ராசா." மலாயில் அதற்கு உணர்வு என்று பொருள். என் மனம் எப்படி இருக்கிறது என்றுதான் அவர் கேட்டார். ஆனால் வயிற்றிலிருந்த பிள்ளையை, யாருக்கும் கேட்காமல், நான் அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க" என்பேன்.

நான்காம் தடவை புவான் ஏதோ நீளமாகச் சொன்னார். "அவங்க முறை உனக்கு ஒத்துவரலையாம். வேற ஆளுகிட்ட அனுப்புறாங்களாம்" என்றார் கணவர். என்னைக் கைகழுவிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அந்த வேறு ஆள் லெட்சுமி அக்கா. ரப்பர் தோட்டத்தில் பிறந்து ஆஸ்பத்திரித் தாதியானவர். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. வெளுத்து வந்த போர்வைக் குவியலைக் காட்டி, "அந்த நுனியப் புடி தங்கச்சி" என்றார். இரண்டு வாரம் மடித்தோம். மூன்றாம் வாரம், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "பிள்ளைய என்னன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்த?"

சொன்னேன். அக்காவின் கை நின்றுவிட்டது.

"புவான் பேசறப்ப ஒவ்வொரு தடவையும் அதான் கேட்டுச்சா?"

"ஆமாக்கா."

"அப்புறம் எப்படி வாயத் தொறப்ப."

பாதி மடித்த போர்வையில் முகத்தைப் புதைத்து அன்றைக்குத்தான் அழுதேன். அவர் தன் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

கணவர் புவானிடம் போவதை நிறுத்தவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. "எனக்கு அவங்க கேக்குறது நல்லா இருக்கு லா" என்றார். "இத்தன நாளா உன் பதிலத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன். என்னைய யாரும் கேக்கல." எனக்கு முள்ளாக இருந்த அதே அறை அவருக்கு நிழலாக இருந்திருக்கிறது.

பிறகு பிறந்த மகளுக்கு நான்கு வயதானபோது ஊருக்குப் போனோம். "ஒத்தப் பிள்ளையோட நிறுத்திட்டியா?" என்று அத்தை கேட்டாள். "ரெண்டு பிள்ளை, அத்தை. மூத்தவன் அங்க மண்ணுல இருக்கான்" என்றேன். அதுவரை தினமும் ஊரோடு வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அதன்பின் சொல்லவில்லை. பேத்திக்கு எடுத்த சீட்டித் துணியில் மிஞ்சியதைக் கைக்குழந்தைச் சட்டையாகத் தைத்து என் பெட்டியில் வைத்தாள்.

திரும்பி வந்து இறங்கியதும் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். யாருக்கு என்று மலாயில் கேட்டார். என் மகனுக்கு, ஈப்போவில் இருக்கிறான் என்று மலாயிலேயே சொன்னேன்.

சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள், காத்துக்கொண்டிருப்பான் என்றார். ஆமாம் என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.