சந்தனம் பூசிய கழுத்து

எண்பதுகளில் தில்லியில் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். ஸ்டவ் வெடித்துக் கழுத்து வெந்துபோன ஒரு தமிழ் அம்மாள், ஆறிய தழும்பைக் காட்ட ஜனக்புரியிலிருந்து பஸ்ஸில் வருவார். குட்டை உருவம், பெரிய சிரிப்பு. மற்றவர்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். இவரோ உட்காரும் முன்பே அதைத் தள்ளிவிட்டு, தழும்பைத் தொடுகிற எங்கள் விரல்களையே கவனிப்பார்.

ஒருமுறை நவராத்திரி முடிந்த கையோடு வந்தார். டாக்டர் தழும்பை அழுத்திப் பார்த்தார், ஸ்கேல் வைத்து அளந்தார். போன வருஷம் போலவேதான் இருக்கிறது என்று ஹிந்தியில் சொல்லி உதட்டைப் பிதுக்கினார்.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "அவருக்கு என்ன தெரியும், சிஸ்டர்? போன வருஷம் எதிர்வீட்டுக் கொலுவுக்குப் போனேன். எல்லாருக்கும் கழுத்துல சந்தனம் பூசிட்டு வந்த அந்தம்மா, என்கிட்ட வந்ததும் கிண்ணத்தை நீட்டி, நீங்களே பூசிக்குங்கன்னாங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, பாவம்."

"இந்த வருஷம்?"

"அவங்களே பூசினாங்க! தழும்பு மேலயே! பூசிக்கிட்டே என்ன கேட்டாங்க தெரியுமா? சங்கிலி புதுசா இருக்கே, கரோல்பாக்லயா வாங்கினீங்கன்னு!"

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் அதை ஹிந்தியில் சொன்னதும் டாக்டரும் சிரித்துவிட்டார்.

அம்மாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பிறகு டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "ஆமாம், சங்கிலி போட்டிருந்தாரா என்ன?"

அவ்வளவு நேரமும் அந்தக் கழுத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கும் தெரியவில்லை.