பிளேடு படாத நாவல்

என் மேசை மேல் ஒரு துப்பறியும் நாவல் கிடக்கிறது. பூட்டிய அறை, உள்ளே பிணம், வெளியே ஐந்தாறு திருட்டு முழிக்காரர்கள். நேற்றுவரை ஒரு தாள்கூடக் குறையவில்லை. அது முழுசாக இருந்ததுதான் எனக்கு உறுத்தல். அதைக் கொடுத்தவர் அதுவரை எனக்கு விடுமுறைக்கு முழுப் புத்தகம் கொடுத்ததே இல்லை.

ஜவ்வாது மலையில், மாணவிகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் எனக்கு முதல் வேலை. வேலூரில் வளர்ந்தவளுக்கு அது வேலையாகத் தெரியவில்லை, தண்டனையாகத்தான் தெரிந்தது. சாயங்காலப் பேருந்து ஆலங்காயத்துக்கு இறங்கிப் போய்விட்டால் மறுநாள் காலைதான் அடுத்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால் மட்டும் போன் பேசலாம். சுற்றிலும் சாமைக் கொல்லை, அதற்கப்பால் மலை, அந்த மலைக்கு அப்பாலும் மலை. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டால் ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்குவேன். பூட்டுகிறவர் வார்டன் மேடம். பள்ளிப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. நானும் அவரும் ஒரே குடியிருப்பில் தங்கியிருந்தோம்.

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்கள் அவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. யார் எதைப் படிக்க வேண்டும் என்பதை வைத்தியர் பத்தியம் சொல்வதுபோலச் சொல்வார். "புதுசா வந்தவங்களுக்குக் கொலைக் கதைதான் டீச்சர். எவன் கொன்னான்னு யோசிச்சினே தூங்கிடுவீங்க, வூட்டு நெனப்பு வராது." மழை விடாத வாரத்துக்குப் பயணக் கதை. ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கதை கூடாது, அழுகை வரும். விடுதிச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் சமையல் புத்தகத்தைத் தொடவே கூடாது. நான் கேலி செய்தேன், ஆனால் அவர் சொன்ன மருந்து எனக்கு நன்றாகவே கேட்டது.

பொங்கல் விடுமுறைக்குக் கிளம்பியபோது ஒரு நாவல் கொடுத்தார். வேலூரில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் கூட்டிவைத்த இடத்தோடு புத்தகம் நின்றுபோயிற்று. கடைசித் தாள்களை மேடம் பிளேடால் சீராக அறுத்து எடுத்திருந்தார். இனி அந்த மலைக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் அழுது சம்மதம் வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பாழாய்ப்போன கொலைகாரனுக்காகத்தான் திரும்பிப் போனேன் என்றால் அது பாதி உண்மை. வளைவுக்கு வளைவு அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றிருந்தார். "வந்துட்டீங்களா? இந்தாங்க."

அப்புறம் ஒவ்வொரு விடுமுறைக்கும் இதே கதைதான். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "நான் இன்னா மாடா மேடம், இப்படிக் கட்டி வைக்கிறீங்க?" அவர் பெட்டியின் அடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட தாள்களை எடுத்துப் போட்டார். எல்லாம் கதைகளின் முடிவுகள். "லீவுக்குப் போய்ட்டு வராத டீச்சருங்களுது இதெல்லாம்" என்றார். அவருடைய மகள் ஆலங்காயத்தில் பாட்டி வீட்டில் வளர்வது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொறுப்பை ஏற்க ஒரு டீச்சர் நிலையாக இருந்தால்தான் மேடத்துக்குக் கீழே மாறுதல் தருவார்களாம். ஒருத்தியும் நிலைக்கவில்லை. என்னைப் பிடித்து வைத்தால்தான் அவருக்கு விடுதலை. கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன எனக்கு. அன்று கேட்டைப் பூட்டும்போது கவனித்தேன். அவரும் உள்பக்கம்தான் நின்றிருந்தார்.

அடுத்த வருடம் எனக்குத் திருப்பத்தூருக்கு மாறுதல் வந்தது. மாற்று ஆள் வரும்வரை விடுவிக்க முடியாது என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நான் அங்கேயே கிடந்திருப்பேன். எழுதிவிடுவார் என்றுதான் பயந்தேன். கையெழுத்துப் போட்டு நீட்டினார். "எனக்கு யாரும் இப்டிப் போட்டுத் தரல. நீங்களாவது போங்க" என்றவர், வழியில் படிக்க இந்த நாவலையும் கொடுத்தார். பேருந்தில் ஏறியதும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினேன். இருந்தது. இனி நீ வரமாட்டாய் என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல் இருந்தது. அத்தனை நாள் ஏங்கிய விடுதலை கிடைத்தும் எனக்கு அழுகைதான் வந்தது. பின்னட்டைச் சுருக்கத்தைத் தவிர அந்த நாவலை இன்றுவரை படிக்கவில்லை.

நேற்று தொட்டி மேட்டிலிருந்து பேசினார். மகள் பெரியவளாகிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களாம். புதிதாக வந்த டீச்சரும் போன மாதமே போய்விட்டாராம். "இத்தினி பொண்ணுங்கள யாராண்ட வுட்டுட்டுப் போறது? எம்பொண்ண அவ பாட்டி பாத்துப்பாங்க, வுடுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலை பிளேடை எடுத்து இந்த நாவலின் கடைசித் தாள்களை அறுத்தேன். அவரளவுக்குச் சீராக வரவில்லை. மலைக்குப் போகும் பேருந்தில் கண்டக்டரிடம் கொடுத்து, வார்டன் மேடம் கையில் சேர்க்கச் சொன்னேன். மேலே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன். நீங்க மகளைப் பார்த்துட்டு வாங்க."

மேசை மேல் கிடக்கும் நாவலுக்கு இப்போது முடிவு இல்லை. சனிக்கிழமை ஆறு மணிக்குக் கேட்டை நான்தான் பூட்ட வேண்டும், உள்பக்கமிருந்து.